மூன்று பக்கக் குறியீடும் ஒரு கரை நாடாவும்

என் தங்கை பெற்ற தவச்செல்வியும், வெள்ளித்திரை வெகுநாளாகக் காத்திருக்கும் மேதையுமான சந்தியாவுக்கு,

பெரிய காஞ்சிபுரத்திலிருந்து உன் தாய்மாமன் திருஞானசம்பந்தம், ஏகாம்பரநாதர் கோபுரத்தைவிட நாலு விரற்கடை உயரமான கோபத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம், என் மானத்தைத் தவிர. வாட்சப்பில் அனுப்பினால் நீலக் குறியைக் காட்டிவிட்டு ஓடிவிடுவாய் என்பதால் தபால்.

நீ எடுத்த இருபது நிமிடப் படத்தை உன் அப்பாவுக்குப் போட்டுக் காட்டி, சினிமாப் படிப்பு விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கும் வேலையை என் தலையில் கட்டினாய். மாதக் கடைசிதான் கெடு. பதினேழு வயதுப் பெண் தான் யார் என்று தேடித் தேடி, அம்மாவிடம் வந்து சேரும் கதையாம். "இதிலுள்ள இலக்கியக் கூறுகளை மாமா விளக்கவும்" என்று மூன்று பக்கக் குறிப்பு வேறு. வேதத்துக்குக்கூட அவ்வளவு உரை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் வீட்டுக் கூடத்தில் என் ஒரே பட்டு வேட்டியைத் திரையாகக் கட்டி, லேப்டாப்பைப் புரொஜெக்டரில் மாட்டினேன். தென்னேரி வரைக்கும் உள்ள ஜனம் திரண்டுவிட்டது. உன் கதாநாயகி உடைந்த கண்ணாடியில் முகம் பார்த்தாள். "சிதறிய அடையாளம்" என்று நான் வாயெடுப்பதற்குள் எதிர்வீட்டுப் பொன்னி, "ஒடஞ்ச கண்ணாடிய வீட்ல வெச்சிக்கினு இருந்தா எப்பிடிமா உருப்படும்?" என்றாள். உன் அம்மா எழுந்துபோய் உங்கள் வீட்டுக் கண்ணாடியைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு சர்வதீர்த்தக் குளக்கரையில் அந்தப் பெண் மூன்று நிமிடம் பேசாமல் உட்கார்ந்தாளே, மௌனம் என்னும் உத்தி, அதைப் படம் நின்றுவிட்டது என்று நினைத்துப் பொன்னி லேப்டாப்பைத் தட்டி முதலிலிருந்து ஓடவிட்டாள். அந்த மௌனத்தை நாங்கள் நூற்றெட்டு தடவை அனுபவித்தோம்.

ஒருவழியாகக் கடைசிக் காட்சி. அம்மா தறியில் உட்கார்ந்து, ஊடைநூல் சுமக்கும் நாடாக் கட்டையை இங்குமங்கும் ஓட்டி நெய்கிறாள். மகள் வாசற்படியில் நின்று அழுகிறாள். நடுவே, உன் குறிப்பின்படி, "உறவின் இடைவெளி". அதை விளக்க உன் மூன்றாம் பக்கத்தைப் பிரித்தேன். அப்போதுதான் நாற்பது வருஷம் கோர்வைச் சேலை நெய்த உன் அப்பா எழுந்தார்.

"நிறுத்து மச்சான்!"

"இன்னா மாப்ளே?"

"ஒடலு பச்ச, கர செவப்பு. ரெண்டையும் கோத்து நெய்ய ரெண்டு பேரு வேணும். இவ தனியா ஒக்காந்துக்கினு கீறா. அந்தப் பக்கத்து கர நாடாவ யாரு போடறது, பேயா?"

"அது ஒரு குறியீடு மாப்ளே..."

"குறியீடு வந்து நாடா போடுமா?"

அவ்வளவுதான். கூடியிருந்த நெசவாளிகள் அத்தனை பேரும் படத்தை விட்டுவிட்டுத் தறியைப் பிடித்துக்கொண்டார்கள். போகிற போக்கில் என் வேட்டியையும் தடவிப் பார்த்து, "பட்டே இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார்கள். "தறிய வெச்சே பொய் சொல்றவளுக்குக் கையெழுத்து கெடையாது" என்று உன் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆகவே, தாயே, சினிமாவை மறந்து பி.எட். படி. இனி நான் எந்தப் படத்துக்கும் தூது போகமாட்டேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. காமாட்சி உன்னைக் காப்பாற்றட்டும். உன் படத்திலிருந்து என்னையும்.

இப்படிக்கு,
நொந்த மாமன்

பி.கு.: உறையை ஒட்டும்போது உன் அப்பா வந்தார். இரண்டு நாளாகச் சோறே இறங்கவில்லையாம். "அந்தப் பொண்ணு வாசப்படில நின்னுக்கினு இன்னாத்துக்கு அழுவுது? வந்து அம்மா பக்கத்துல ஒக்காந்து அந்த நாடாவப் போட்டா கத முடிஞ்சிதே! மாத்தி எடுக்கச் சொல்லு மச்சான், எப்பிடிப் போடறதுன்னு நான் காட்டறன்" என்றார். உன் மூன்று பக்கத்தில் இது இல்லையே, மேதையே! கையெழுத்திட்ட விண்ணப்பம் உள்ளே இருக்கிறது. மேலே எழுதியதைக் கிழித்துப் போடு. அவர் சொன்னதுதான் குறியீடு என்று மட்டும் அவரிடம் சொல்லித் தொலைக்காதே, கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்.