இதர செடிகள் 2,316

அலுவலகம் என்று ஒன்று இருந்தால் அதன் முகப்பில் ஒரு பூப்பாத்தி இருந்தே ஆகவேண்டும். உள்ளே மணிக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பெருமூச்சு விட ஏதாவது வேண்டாமா? இந்த அலுவலகத்திலும் கொடிக்கம்பத்துக்கும் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கும் நடுவே அப்படி ஒரு பாத்தி இருந்தது. முப்பதடி நீளம், பத்தடி அகலம். அதில் ரோஜாவும் சாமந்தியும் இருப்பதாகக் கோப்புகள் கூறின. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கோரைப்புல்.

கோரை அங்கே தானாக வரவில்லை. முறைப்படி ஒப்பந்தப்புள்ளி கோரி, முறைப்படி தேர்ந்தெடுத்து, முறைப்படி இறக்கிய ஒரு லாரி மண்ணோடு வந்தது. வந்த மூன்றாம் வாரமே ரோஜாவின் காலடியில் தலைகாட்டியது. ஐந்தாம் வாரம் சாமந்தியை மூச்சு முட்ட வைத்தது.

அந்தப் பாத்தியைப் பார்த்துக்கொண்ட தோட்டக்காரர் பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியர். சேர்ந்தபோது இருந்த கருமுடி போய், நரை வந்து, அந்த நரை மட்டும் நிரந்தரமாகிவிட்டது. ஒவ்வொரு ஆண்டு முடிவிலும், அடுத்த ஆண்டு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயப்படுவார். இந்த ஆண்டுதான் அவரை நிரந்தரமாக்கும் கோப்பு ஒருவழியாக எழுந்து, சோம்பல் முறித்து, நகரத் தொடங்கியிருந்தது. இரண்டே இரண்டு நிபந்தனைகள். ஒன்று, பாத்தி களையின்றி இருக்கிறது என்று ஆய்வுக்கு வரும் மேலதிகாரி எழுத வேண்டும். இரண்டு, அவர் பொறுப்பில் உள்ள பொருள்களில் பதிவேட்டைவிடக் குறைவோ மிகுதியோ இருக்கக்கூடாது. ஆய்வுக்கு ஆறு வாரம் இருந்தது.

கோரையை என்ன செய்வது என்று தோட்டக்காரருக்குத் தெரியும். மேலே பிடித்து இழுத்தால் தழை கையோடு வரும், கிழங்கு உள்ளே உட்கார்ந்து சிரிக்கும். அடுத்த வாரமே ஒன்றுக்கு மூன்றாக முளைக்கும். ஒரு சாண் ஆழம் கொத்தி, மணிமணியாகக் கோத்துக்கிடக்கும் கிழங்கை ஒன்றுவிடாமல் பொறுக்கி, வெயிலில் சுருங்கக் காயப்போட வேண்டும். பிறகு செடிகளைச் சுற்றி வெளிச்சம் புகாதபடி அட்டை பரப்பி, அதன்மேல் சருகு போட்டு மூடவேண்டும். மீறி எட்டிப்பார்ப்பதை வாரம் ஒருமுறை கவனித்தால் போதும். பத்து நாள் வேலை. ஒரு களைக்கொட்டும், கிழிந்த கோப்புகளின் பழைய அட்டைகளும் கொடுத்தால் முடிந்தது. இதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு தலைமை எழுத்தரிடம் போனார்.

தலைமை எழுத்தருக்கு முதுகுக்குப் பின்னால் 'நகல்' என்று பெயர். எதைக் கொடுத்தாலும் மூன்று நகல் கேட்பார். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவரிடமும் கேட்டவர். தாளை ஒரு முறைக்கு இரு முறை படித்துவிட்டு, அட்டைகளைத் தர இயலாது என்றார். கிழிந்த அட்டையும் ஆவணமே. களைக்கொட்டு விஷயம் பிறகு. முதலில் எதை அகற்றப்போகிறார் என்று தெரிய வேண்டும்.

"புல்லுங்க ஐயா. கோரைப்புல்லு."

நகல் எழுந்து போய் இருப்புப் பதிவேட்டை எடுத்துவந்து, எச்சில் தொட்டுப் புரட்டி, விரலை ஒரு வரியில் வைத்தார்.

"புல்லுன்னு இங்க எதுவும் இல்லையேப்பா. ரோஜா முப்பத்தெட்டு. சாமந்தி நூத்திப் பன்னிரண்டு. இதர செடிகள் ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறு. அவ்வளவுதான்."

விஷயம் இதுதான். போன ஆண்டு, வளாகத்தில் உள்ள அனைத்தையும் எண்ணிப் பதிவுசெய்ய வேண்டும் என்று மேலிடத்துச் சுற்றறிக்கை வந்தது. நாற்காலி, மேசை, மின்விசிறி எல்லாம் எண்ணி முடித்தபின் பாத்திக்கு ஒரு இளநிலை எழுத்தரை அனுப்பினார்கள். அவருக்கு ரோஜா தெரியும், சாமந்தி தெரியும். மற்றது எது செடி, எது செடியில்லை என்று நகலிடம் சந்தேகம் கேட்டார். மண்ணிலிருந்து பச்சையாக மேலே வந்திருப்பதெல்லாம் செடிதான் என்று நகல் விளக்கம் அளித்தார். இளநிலை எழுத்தர் கடமை தவறாதவர். இரண்டு நாள் மண்டியிட்டு உட்கார்ந்து கோரையை ஒவ்வொன்றாக எண்ணினார். அந்தச் சிரத்தைக்காக அவருக்குப் பாராட்டுக் கடிதமும் கொடுத்தார்கள்.

"ஐயா, அது களை. அதை எடுக்கத்தானே என்னை வச்சிருக்கீங்க?"

"எடு. யாரு வேண்டாம்னா? எடுத்தா ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறு செடி குறையும். உன் பொறுப்புல குறையும். ரெண்டாவது நிபந்தனை என்னன்னு ஞாபகம் இருக்குல்ல?"

"எடுக்கலைன்னா முதல் நிபந்தனை போயிடுமே ஐயா."

"அது வேற கோப்பு" என்றார் நகல். அவர் குரலில் உண்மையான பரிவு இருந்தது. பொல்லாதவர் இல்லை அவர். பாவம், பதிவேட்டை நம்பினார்.

பரிவோடு ஒரு வழியும் சொன்னார். பதிவேட்டில் ஏறிய பொருளைக் கழிக்க முறை இருக்கிறது. பயன்பாட்டுக்கு உதவாத நிலையில் உள்ளது என்று மூவர் குழு சான்றளித்தால் கழித்துவிடலாம். தோட்டக்காரர் மூன்று நகல்களோடு விண்ணப்பித்தார். இரண்டு வாரம் கழித்துக் குழு வந்தது. கட்டடப் பொறியாளர் ஒருவர், வரைபடம் போடுபவர் ஒருவர், மூன்றாமவர் விடுப்பில் இருந்ததால் அவருக்குப் பதிலாக ஜீப் ஓட்டுநர். மூவரும் பாத்தியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்கள். பொறியாளர் குனிந்து ஒரு கோரையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. "உறுதியா இருக்கு" என்றார். வரைபடக்காரர் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டார். ஜீப் ஓட்டுநர் மட்டும், இது கோரை சார், எங்க வீட்டிலும் இருக்கு, சனியன் பிடித்தது என்று உள்ளதைச் சொன்னார். குழுவின் தகுதிக்கு உட்படாத கருத்து என்பதால் அது பதிவாகவில்லை. மேற்படி இதர செடிகள் மிக நல்ல நிலையிலும் வளர்ச்சியிலும் காணப்படுவதால் கழிப்பதற்கு முகாந்திரமில்லை என்று அறிக்கை வந்தது.

அதற்குள் இரண்டு மழை பெய்துவிட்டது. கோரைக்கு மழை என்றால் கேட்க வேண்டுமா? நகல் ஜன்னல் வழியாகப் பார்த்தவர், சந்தேகப்பட்டு இளநிலை எழுத்தரை அனுப்பினார். அவர் வழக்கமான சிரத்தையோடு எண்ணிவிட்டு வந்து, இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது என்றார். மறுநாள் தோட்டக்காரர் கையில் ஒரு குறிப்பாணை. இருப்பைவிட மிகுதியாகக் காணப்படும் 624 செடிகள் யாரிடமிருந்து, எந்த ஆணையின்படி பெறப்பட்டன என்பதற்கு மூன்று நாளில் விளக்கம் தரவும்.

மழையிடமிருந்து பெறப்பட்டன என்று அவர் எழுதிக் கொடுத்தார். மழையின் ஒப்புகைச் சீட்டு இணைக்கப்படவில்லை என்று திரும்பி வந்தது.

அதன் பிறகு தோட்டக்காரர் யாரோடும் வாதாடவில்லை. பாத்தியில் முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, சதுர அடிக்கு ஒரு கட்டமாக முந்நூறு கட்டம் பிரித்தார். தினமும் காலையில் கட்டம் கட்டமாகக் கோரையை எண்ணுவார். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறுக்கு மேல் இருப்பதைப் பிடுங்குவார். ஒன்றிரண்டு குறைந்தால் பக்கத்துக் காலி மனையிலிருந்து பெயர்த்து வந்து நட்டுத் தண்ணீர் ஊற்றுவார். பதினோரு வருடமாகக் களையெடுத்த கை கோரைக்குத் தண்ணீர் ஊற்றுகிறதே என்று முதல் நாள் அவருக்கு அழுகையே வந்தது. நாலாம் நாள் பழகிவிட்டது. பத்தாம் நாள், பதினேழாம் கட்டத்தில் ஒன்று வாடியிருப்பதைப் பார்த்துக் கவலைப்பட்டார்.

வீட்டில் மனைவி சும்மா விடவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர் தட்டில் விரலால் ஏதோ கணக்குப் போடுவதைப் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்டாள். மூன்று அதிகமாகிவிட்டது, நாளைக்கு எடுக்கணும் என்றார்.

"ஊர்ல புல்லைப் பிடுங்குறவன் இருக்கான், மாட்டுக்கு அறுத்துப் போடுறவன் இருக்கான். எண்ணுறதுக்குன்னு ஒரு ஆள் இருக்கான்னா அது என் புருஷன்தான்" என்றாள்.

"வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் பேசு" என்றார் அவர். அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். நிரந்தரம் என்ற ஒரு சொல்லுக்கு அந்த வீட்டில் அவ்வளவு மரியாதை.

ஆய்வு நாளும் வந்தது. மேலதிகாரி ஒரு அம்மையார். அப்போதுதான் ஏதோ உயர்நிலைப் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார். அந்த ஆண்டு பெரிய வீடுகளில் ஒரு புது மோகம் பரவியிருந்தது. பூந்தோட்டம் என்றால் பத்தாம்பசலி. கத்தரித்த செடி கட்டுப்பெட்டித்தனம். எதையும் நடாமல், எதையும் வெட்டாமல், அது பாட்டுக்கு வளர்ந்த மாதிரி இருப்பதுதான் நாகரிகம். அது பாட்டுக்கு வளர்ந்த மாதிரி செய்து கொடுப்பதற்கென்றே நிபுணர்கள் முளைத்திருந்தார்கள். அவர்களை அமர்த்த ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

அம்மையார் காரிலிருந்து இறங்கியதும் பாத்தியின் முன் அப்படியே நின்றுவிட்டார். நகல் பதிவேட்டோடு ஒரு பக்கம், தோட்டக்காரர் கைகட்டி ஒரு பக்கம். களை என்ற ஒரு சொல் அந்த வாயிலிருந்து வந்தால் பதினோரு வருடம் போச்சு.

"இது எத்தனை இருக்கும்?" என்று கேட்டார் அம்மையார்.

"ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறு மேடம்."

"தோராயமாவா?"

"இல்லைங்க. காலையில எண்ணினேன். ஆறு அதிகம் இருந்துச்சு, எடுத்துட்டேன்."

நகல் பதிவேட்டை நீட்டினார். எண் ஒத்துப்போனது. அம்மையார் தோட்டக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். இயற்கையை இவ்வளவு துல்லியமாக அதன் போக்கில் விட்ட ஒருவரைத் தாம் பயிற்சியில்கூடப் பார்த்ததில்லை என்றார். பிறகு நடுவில் எலும்பும் தோலுமாக நின்ற ரோஜாக்களைச் சுட்டி, இதெல்லாம் ஏன் இங்கே இருக்கிறது, புல்லின் அழகைக் கெடுக்கிறதே என்று கேட்டார்.

அந்த முப்பத்தெட்டையும் பதியம் போட்டு வளர்த்தவர் தோட்டக்காரர்தான். மேடம், இது கோரை, எதையும் வாழவிடாது, இதைத் தொலைக்கத்தான் நான் அலைந்தேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரை வந்தது. சொன்னால் பாத்திக்கு நல்லது. அவருக்கு?

"நானும் அதைத்தான் நினைச்சேன் மேடம். களை மாதிரி இருக்கு" என்றார்.

சொன்ன பிறகு ரோஜாக்களைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. ரோஜாக்களும் சாமந்திகளும் நிர்வாகக் காரணங்களை முன்னிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம் இடமாற்றம் செய்யப்பட்டன. பாத்தி களையின்றி இருப்பதாக அம்மையார் எழுதினார். குறைவுமில்லை, மிகுதியுமில்லை என்று நகல் எழுதினார். அடுத்த மாதமே நிரந்தர ஆணை வந்துவிட்டது.

கதை இதோடு முடிந்திருந்தால் அலுவலகத்தைத் திட்டிவிட்டு நாமும் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். ஆனால் பாத்தியின் படம் பத்திரிகையில் வந்தது. மிகுதியாக முளைப்பதைப் பிடுங்கி எறியாமல், பொதுமக்களுக்குக் காகிதக் குவளையில் வைத்து, முத்திரையிட்ட சான்றிதழோடு வழங்கலாம் என்று ஆணை பிறந்தது. முதல் நாளே வரிசை கொடிக்கம்பத்தைத் தாண்டியது. வருடக்கணக்கில் ஒரு சான்றிதழுக்காக இந்த அலுவலகத்தின் படி ஏறி இறங்கி வாயில் வந்தபடி திட்டியவர்கள் எல்லாம் வரிசையில் நின்றார்கள். வழங்கும் பொறுப்பு தோட்டக்காரருக்கு. உட்கார ஒரு நாற்காலியும் இழுப்பறை வைத்த ஒரு மேசையும் கொடுத்தார்கள்.

வாங்கிப் போனவர்கள் வீட்டில் நட இடம் வேண்டுமே. அங்கேதான் ஏற்கெனவே கோரை மண்டிக்கிடந்ததே. எப்படிங்க ஒழிக்கிறது என்று அவரையே கேட்டார்கள். அவரும் சொல்லிக்கொடுத்தார். ஒரு சாண் ஆழம் கொத்தி, கிழங்கைப் பொறுக்கிக் காயவைத்து, அட்டை பரப்பி மூடச் சொன்னார். ஊரே கொத்தியது. வீட்டுக்கு வீடு கோரையை வேரோடு ஒழித்துவிட்டு, மண் சுத்தமானதும் சான்றிதழ் பெற்ற கோரையை நட்டுத் தண்ணீர் ஊற்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டக்காரர் வீட்டுக் கொல்லையிலும் கொத்தும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் மனைவி. பக்கத்தில் ஒரு குவியல் கோரை, கிழங்கோடு.

"நம்ம தெருவுலயே நம்ம வீட்டுல மட்டும்தான் இன்னும் வைக்கல. எல்லாரும் கேக்குறாங்க, மானம் போகுது. ஆபீஸ்ல இருந்து ரெண்டு கொண்டு வாங்களேன்."

"அடியே, உன் கையில இருக்கிறதும் அதேதான்."

அவள் கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவரையும் பார்த்தாள்.

"இதுக்குச் சான்றிதழ் இருக்கா?"

திங்கட்கிழமை அலுவலகம் போனதும், தோட்டக்காரர் அவள் பெயரில் தாமே ஒரு விண்ணப்பம் எழுதினார். மூன்று நகல் எடுத்தார். மேசைக்கு இந்தப் பக்கம் நின்று கொடுத்து, அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து வாங்கி, 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்திட்டு இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். பரிசீலிக்க அவருக்குப் பதினெட்டு நாள் பிடித்தது. நிரந்தர ஊழியர் ஆயிற்றே, கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிட முடியுமா?