பல் டாக்டருக்குக் கொடுத்த இலவசப் பிரதி

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதுவது. இந்த நிமிடம் வரை சௌக்கியம். நாளைக் காலை பத்தரை மணிக்குப் பிறகு எப்படி இருப்பேன் என்று சொல்வதற்கில்லை. நீங்களும் அக்காவும் சகல பற்களோடும் நீடூழி வாழ வேண்டும்.

சொந்தச் செலவில் நான் சிறுகதைத் தொகுப்பு போட்டது தாங்கள் அறிந்ததே. (உங்கள் பிரதியை இன்னும் உறைகூடப் பிரிக்கவில்லை என்று அக்கா சொன்னாள், அதற்குத் தனியாகச் சண்டை போடுகிறேன்.) எழுத்தாளன் என்ற மிதப்பில், கொடுத்த பிரதிகளில் எல்லாம் ‘இந்தப் புத்தகத்தில் நீங்களும் இருக்கிறீர்கள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தொலைத்தேன். வினை அங்கேதான் பிடித்தது. யாரும் கதை படிக்கவில்லை அத்தான், அவரவர் தம்மைத் தேடுகிறார்கள். மேல் வீட்டு அம்மாள் மாடிப்படியில் மறித்து, “அறுபத்தி நாலாம் பக்கத்துல குறட்டை விடுறது நான்தானே?” என்றார். அந்தப் பக்கத்தில் குறட்டை விடுவது ஓர் எருமை. சொல்லவா முடியும்? முடிவெட்டுபவர் என் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு, “முழுசா படிச்சிட்டேன் சார், நான் எங்கேயுமே இல்லையே?” என்று கேட்டார். அடுத்த பதிப்பில் சேர்ப்பதாகச் சத்தியம் செய்துவிட்டு ஓடி வந்தேன். ஒரு பக்கக் கிருதா இன்னும் நீளமாகத்தான் இருக்கிறது.

அதெல்லாம் போகட்டும். பல் டாக்டர்! ஏழாவது கதையில், போனில் ஊர்வம்பு பேசிக்கொண்டே வலிக்கிற பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்குகிறாரே ஒரு டாக்டர், அது சாட்சாத் எனக்குப் பல் பார்ப்பவர்தான். வழுக்கை, செருமல், பச்சைச் செருப்பு, ஒன்றையும் மாற்றாமல் எழுதிவிட்டு அவருக்கே ஒரு பிரதியும் கொடுத்திருக்கிறேன். வேறு டாக்டரிடம் போகலாமென்றால், என் கடைவாய்ப் பல்லைப் பாதி தோண்டி வைத்திருப்பவர் இவர். அதற்கு மாட்ட வேண்டிய மூடியும் இவர் டிராயரில் இருக்கிறது. நேரம் கேட்டுப் போன் செய்தால், “நாளைக்குப் பத்தரைக்கு வாங்க சார், வாங்க. ஏழாவது கதையைப் பத்தி நிறையப் பேசணும். நீங்க வாயை மட்டும் திறந்து வைங்க, நான் பேசுறேன்” என்கிறார். சிரித்தாரா, செருமினாரா, தெரியவில்லை. “டாக்டர், அது மட்டும் எங்க அத்தான் எழுதினது, ஆசைப்பட்டாரேன்னு சேர்த்தேன்” என்று உளறிவிட்டேன். “அப்படியா...” என்று இழுத்து, உங்கள் நம்பரை வாங்கிக்கொண்டார். “எழுதும்போது இருந்த தைரியம் எங்க போச்சு?” என்று என் மனைவி சிரிக்கிறாள். உங்களுக்கென்ன, முப்பத்திரண்டும் கெட்டி, ஊரும் தூரம். அவர் கேட்டால் ‘ஆமாம்’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லி என்னைக் காப்பாற்றுங்கள்.

அக்காவுக்கு வணக்கம். குழந்தைகளுக்கு, வாய் குழறாமல் நான் சொல்லும் கடைசி ஆசிகள்.

இப்படிக்கு,
பயந்து சாகும் மைத்துனன்

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் போய்விட்டு வந்துவிட்டேன். மேலே உள்ளதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் அதே பச்சைச் செருப்போடு நின்று, “அடுத்த தெரு டாக்டரை அப்படியே உரிச்சு வச்சிருக்காரு சார்! புத்தகத்துலயே உருப்படியான கதை இது ஒண்ணுதான். நீங்க எழுதினதையெல்லாம் ரெண்டு பக்கத்துக்கு மேல படிக்க முடியல. உங்க அத்தானைத் தனியா ஒரு புத்தகம் போடச் சொல்லுங்க” என்றார். நான்தான் எழுதினேன் என்று கத்தினேன். வாய் நிறையப் பஞ்சு. “வலிக்குதா?” என்று இன்னோர் ஊசி போட்டார். பாராட்டுவதற்காக அடுத்த வாரம் உங்களைப் போனில் கூப்பிடுகிறாராம். அத்தான், இப்போது எனக்கு அவரிடம் பயமில்லை. நீங்கள் ‘ஆமாம்’ என்று சொல்லிவிடுவீர்களோ என்றுதான் பயம். புத்தகத்தின் உறையைக்கூடப் பிரிக்கவில்லை என்ற உண்மையை அவரிடம் சொல்லிவிடுங்கள். அந்தச் சண்டையை நான் விட்டுவிடுகிறேன்.