கண்ணை மூடிக்கொண்டு குதித்த ஞானசுந்தரி

குழந்தைகளுக்குப் பாடம் நடத்துவதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. அவர்கள் கற்றுக்கொள்ளாமல் போவதைச் சொல்லவில்லை. அதனால் யாருக்கும் இடுப்பு பிசகாது. கற்றுக்கொண்டு தொலைப்பார்களே, அதைச் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குமாஸ்தா. அக்கா, அத்தானோடு குவார்ட்டர்ஸில் வாசம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையின் சின்னப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி வாத்தியார். (சம்பளம் கிடையாது. அதனால் வேலையை விட்டுத் தூக்கவும் முடியாது என்று தைரியமாக இருந்தேன்.)

ஒரு வாரம் பாடம், கடவுளை நம்புவது. வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எதையும் செய்துகாட்ட வேண்டும் என்ற கொழுப்பு அப்போது எனக்கு நிறைய இருந்தது. பிள்ளைகளைக் கோயிலின் குட்டை மதில்மேல் வரிசையாக ஏற்றிவிட்டு, கீழே கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

"கண்ண மூடிக்கிட்டு குதிங்க. சார் பிடிச்சுக்குவேன். கடவுளும் இப்படித்தான். நாம குதிச்சா போதும், அவர் பிடிச்சுக்குவார்."

முதலில் ஒருவரும் அசையவில்லை. பிறகு ஞானசுந்தரி குதித்தாள். வயது என்னவோ ஐந்துதான். கையில் வந்து விழுந்தபோது அரை மூட்டை அரிசி. அவளைப் பார்த்து மற்றவர்களும் தொப்புத் தொப்பென்று குதித்தார்கள். அத்தனை பேரையும் பிடித்தேன்.

"எப்பவும் பிடிப்பீங்களா சார்?" என்று கேட்டாள் சுந்தரி.

"எப்பவும்," என்றேன். (நாக்கில் சனி என்று ஒரு கிறிஸ்தவன் சொல்லக்கூடாது. வேறு எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.)

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகிறேன். ஒரு வீட்டுப் படிக்கட்டிலிருந்து "சார்" என்று சத்தம். திரும்புவதற்குள் ஒரு பயல் என் கழுத்தில் தொங்கினான். சாயங்காலம் மாட்டுவண்டியின் மேலிருந்து ஒருத்தி. மறுநாள் பாசாரில், மீனும் கையுமாக நிற்கும்போது இன்னொருத்தன். அந்த வாரம் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் தெருவில் நடந்தேன். மழையிலும் குடை பிடிக்கவில்லை. இரண்டு கையும் எந்த நேரம் வேண்டியிருக்குமோ.

இந்த லட்சணத்தில் சனிக்கிழமை என்னை மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா, வேலை பார்த்தவர், தன் மகளுக்காக ரயிலேறி வந்தார். பெண்ணின் படத்தை அக்கா முன்பே வாங்கி அலமாரியில் வைத்திருந்தாள். நான் அதைப் பற்றி அக்கறையே இல்லாத மாதிரி நடந்துகொண்டேன். (எடுத்து எடுத்துப் பார்த்ததில் படத்தின் ஓரம் நைந்துபோயிருந்தது.) இந்த இடம் தட்டிப்போனால் கல்யாணமே வேண்டாம் என்கிற அளவுக்கு எனக்குப் பைத்தியம் முற்றியிருந்தது.

அக்கா போதகரம்மாவிடம் பீங்கான் கோப்பைகளை இரவல் கேட்டிருந்தாள். அவர் கல்யாணத்துக்குச் சீமையிலிருந்து வந்தவை. அதில் போதகரே தேநீர் குடித்ததில்லை என்று பேச்சு.

"நீயே போய் எடுத்துட்டு வா. ஒன்னு உடைஞ்சாலும் நான் கோயில் பக்கம் தலைகாட்ட முடியாது, சொல்லிட்டேன்."

கோப்பைகளை அடுக்கிய தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு திரும்பி வந்தேன். எங்கள் வீட்டு வாசலில் கிராணி நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நடையில் கொஞ்சம் கம்பீரத்தைச் சேர்த்தேன். பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்தடியைக் கடக்கும்போது மேலே இலை சலசலத்தது.

"சார்..."

அண்ணாந்து பார்த்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஞானசுந்தரி ஏற்கெனவே கிளம்பிவிட்டிருந்தாள்.

யோசித்துச் செய்தேன் என்றால் அது பொய். தட்டு எப்போது கையை விட்டுப் போனது என்றே தெரியாது. குழந்தை என் கையில் விழுந்தது. நான் லோங்காங்கில் விழுந்தேன். (சாலையோரச் சாக்கடைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். பெயரை மாற்றினால் நாற்றம் போய்விடாது.) சுந்தரி கண்ணைத் திறந்து, "பிடிச்சிட்டீங்க," என்றாள். அவள் முகத்தில் துளி ஆச்சரியம் இல்லை.

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் சொட்டச் சொட்ட நின்று, "தோத்திரம் ஐயா," என்று கும்பிட்டேன். கிராணி மூக்கைப் பொத்திக்கொண்டு தோத்திரம் சொன்னார். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். அன்றிரவு அவர் தங்குவதற்கு ஏற்பாடாகியிருந்தது போதகர் வீட்டில். கோப்பைக்குச் சொந்தக்காரி வீட்டில். என் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஓய்வுநாள் பள்ளியில் முதல் வேலையாகப் பாடத்தைத் திருத்தினேன்.

"இனிமே யாரும் கண்ண மூடக்கூடாது. சார் கையில ஏதாச்சும் இருக்கான்னு பாக்கணும். இல்லைன்னா மட்டும் குதிக்கணும்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுந்தரி மெல்ல எழுந்தாள்.

"கடவுள் கையிலயும் தட்டு இருக்குமா சார்?"

கதவோரத்தில் போதகரும் கிராணியும் வந்து நிற்பது தெரிந்தது. இருக்காது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அந்தக் குழந்தையின் முகத்தில் ஒரு பயம் வந்திருந்தது. மரத்திலிருந்து வந்தபோது அது இல்லை. நான்தான் இப்போது கொடுத்தேன். கிராணியின் பெண் கிடைக்காமல் போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

"இருக்கும்மா. ஆனா நீ குதிச்சா, தட்டக் கீழ போட்டுடுவார்."

"பீங்கானா இருந்தாலுமா?"

"பீங்கானா இருந்தாலும்."

சரி என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். போதகர் தொண்டையைக் கனைத்தார். மறுத்து எதுவும் சொல்லவில்லை.

ஆராதனை முடிந்ததும் கிராணி நேராக அக்காவிடம் போனார்.

"பையன் கையில சாமான் தங்காது லா. பிள்ளை தங்கும். கல்யாணத்த எப்ப வச்சுக்கலாம்?"

போதகரம்மா கல்யாணத்துக்கு வந்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல் எங்களுக்குத் தகரக் குவளைகளைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார். என் மனைவியிடம் அவள் அப்பா எல்லாக் கதையையும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். இன்றைக்கும் என் கையிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளர் விழுந்து நொறுங்கினால் போதும், அடுக்களையிலிருந்து அவள் குரல் வரும்:

"யாருங்க குதிச்சது?"