ஆறு மேசைக்காரர்

ஜப்பான்காரர்கள் காலத்தில் ஈப்போவின் மின்சாரம், விறகு, கரி, எண்ணெய் எல்லாவற்றையும் ஆண்டவர் ஒரே ஒரு மனிதர்தான். இப்படி எழுதினால் மிகையாகத் தோன்றும் என்று என் கணவர் சொல்கிறார். நானும் அந்த வரியை இரண்டு தடவை அடித்துப் பார்த்தேன். ஆனால் நடந்தது அதுதான். ஈப்போவில் நாங்கள் இருந்த புந்தோங் பகுதியில் அவரை ஆறு மேசைக்காரர் என்று சொல்வோம்.

அவர் வேலை பார்த்த எரிபொருள் இலாகாவின் சுவரில் ஒரு படம் தொங்கியது. உச்சியில் ஒரு கட்டம், அது தலைவர். அவர் ஜப்பானிய அதிகாரி. தைப்பிங்கில் இருந்தார், எப்போதாவதுதான் வருவார். அவருக்குக் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக ஆறு கட்டங்கள்: துணைத் தலைவர், மின்சாரம், விறகும் கரியும், எண்ணெய், முத்திரை, எல்லாருக்கும் அடியில் தபால் வரவு. வெள்ளைக்கார எஞ்சினியர்கள் சிறைக்குப் போனார்கள். மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு, எஸ்டேட்டுகளில் இருந்த உறவுக்காரர்களோடு மரவள்ளி நடப் போனார்கள். மிஞ்சியவர் தபால் வரவுக் கிராணி மட்டும், கடைசிக் குமாஸ்தா. இலாகாவை மூடச் சொல்லி அவருக்கு உத்தரவு வரவில்லை. அதனால் அவர் மூடவில்லை. காலியான ஐந்து கட்டங்களிலும் பென்சிலால் 'பொறுப்பு' என்று எழுதினார். தன் கட்டத்தில் 'கிராணி' என்று எழுதினார். பிறகு ஆறு மேசைகளிலும் மாறி மாறி உட்கார்ந்து வேலை பார்க்க ஆரம்பித்தார்.

நான் முதலில் அங்கே போனது கரிக்காக. என் மகனுக்கு அப்போது ஐந்து மாதம். வயிற்றுப்போக்கு விடவே இல்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி டிரெசர் சொல்லியிருந்தார். அடுப்புக்கு விறகு இல்லை. அனுமதிச் சீட்டு இல்லாமல் கடையில் கரி கிடைக்காது.

வரவு மேசையில் கிராணி என் மனுவை வாங்கிப் பதிந்துகொண்டார். எழுந்தார். நான்கு அடி நடந்து கரி மேசையில் உட்கார்ந்தார். மனுவை அப்போதுதான் பார்ப்பவர் போலப் படித்து முகம் சுளித்தார்.

"வரவு மேசையில ஏன் தேதி போடல?"

"எனக்கு எப்படித் தெரியும் அண்ணே?"

"உங்கள கேக்கல, தங்கச்சி."

எழுந்து வரவு மேசைக்குப் போனார். தலையைக் குனிந்துகொண்டு தேதியைப் போட்டார். மறுபடி கரி மேசைக்கு வந்து, ஒரு மூட்டை கொடுக்கலாம் என்று எழுதினார். அதைத் துணைத் தலைவர் மேசைக்கு இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய், காலி நாற்காலியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சுற்றிப் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் கனத்துவிட்டது. "அரை மூட்டை போதும்" என்றார்.

திரும்பக் கரி மேசைக்கு வந்தபோது அவர் முகம் வாடியிருந்தது. "நான் ஒரு மூட்டைன்னுதான் எழுதினேன். மேல வெட்டிட்டாங்க. என்ன செய்றது லா."

நான் சிரித்துவிட்டேன். வீட்டில் பிள்ளை அப்படிக் கிடக்கும்போது சிரித்தது சரியா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. "அந்த ஆள தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரில கொண்டுபோய் விடணும். அங்க கட்டில் நெறய இருக்கு" என்பார். ஒரு தடவை கிராணிக்குக் காய்ச்சல் வந்தது. லீவு கேட்டுத் தனக்குத்தானே மனு எழுதினார். மற்ற மேசைகள் ஒப்புக்கொண்டும், 'இந்த வாரம் ஆள் பற்றாக்குறை' என்று மின்சார மேசை மறுத்துவிட்டது. போர்வையைப் போர்த்திக்கொண்டு வேலைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். இதையும் அக்காதான் சொன்னார். கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் போர்வையை நானே பார்த்தேன்.

பிறகு ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுக்கத் தொடங்கினார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. என் கணவர் வேலை பார்த்த ரப்பர் எஸ்டேட் மூடிக் கிடந்தது. வேலை இல்லாத ஆள் என்று அவர் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. வியாழக்கிழமை லாரி வரும் என்றார்கள். அரசாங்க இலாகாவில் வேலை செய்கிறவர்களை மட்டும் விட்டுவிடுவார்களாம்.

திங்கட்கிழமை காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த ஆபீசுக்குப் போனேன். வேலை மனுவை நானே நிரப்பினேன். 'அனுபவம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், பொய் எழுத மனம் வராமல், 'ஒன்றும் இல்லை' என்று எழுதினேன். 'வேலை கேட்கும் காரணம்' என்ற இடத்தில், 'சயாமுக்குப் போனால் திரும்பமாட்டார்' என்று எழுதினேன்.

அவர் நெடுநேரம் படித்தார். "தங்கச்சி, இவ்ளோ உண்மை எந்த இலாகாவும் தாங்காது."

"மாத்தி எழுதட்டுமா அண்ணே?"

"வேண்டாம். பதிஞ்சாச்சு."

செவ்வாய்க்கிழமை மனு முத்திரை மேசையில் நின்றது. வயது எழுத மறந்திருந்தேன். புதன்கிழமை மத்தியானம் மின்சார மேசையில் இருந்தது. நான் எழுந்து அந்த மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"எல்லா மேசையிலயும் நீங்கதானே இருக்கீங்க? ஒரே எடத்துல ஒக்காந்து கையெழுத்துப் போட்டா என்ன?"

அவருக்குக் கோபம் வரவில்லை. "நாளைக்கு அந்த ஜப்பான்காரத் தொர, அந்தத் துவான் வந்து, 'இந்த ஆள் எப்படி வந்தான்'னு கேப்பான். ஆறு மேசை தாண்டி வந்தான்னு நான் காட்டணும். ஒரு மேசை கொறஞ்சாலும் ஒங்க வீட்டுக்காரர் லாரியிலதான். ஒக்காருங்க, தங்கச்சி. பிள்ளைக்குத் தண்ணி வேணுமா?"

சாயங்காலம் மனு ஆறாவது மேசையையும் தாண்டியது. படத்தில் எண்ணெய்க் கட்டத்திலிருந்த 'பொறுப்பு' என்ற சொல்லை அழித்துவிட்டு, மையால் என் கணவர் பெயரை எழுதினார். எனக்கு இருக்கிற புத்தி, அப்போதும் சும்மா இருக்கவில்லை.

"புதுசா வந்தவங்கள எல்லாருக்கும் அடியிலதானே போடணும்? நீங்க அடியில இருக்கீங்க. இவரு ஒங்களுக்கு மேல வந்துட்டாரே அண்ணே."

"மை காயட்டும். தொடாதீங்க" என்றார், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை லாரி வந்தது. என் கணவர் சீட்டைக் காட்டினார். விட்டுவிட்டார்கள். எண்ணெயைப் பற்றி ஒன்றும் தெரியாமலே எண்ணெய் மேசையில் போய் உட்கார்ந்தார். ஒரு கடிதத்தில் தேதி இல்லை என்று வரவு மேசைக்கு அதைத் திருப்பி அனுப்பிய அன்று, ஆறு மேசைக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டாராம்.

இரண்டு வாரம் கழித்துத் தைப்பிங்கிலிருந்து தலைவர் வந்தார். சயாம் பட்டியலில் ஆள் குறைகிறதாம். ஒவ்வொரு இலாகாவும் ஒருவரைக் கொடுக்க வேண்டும். அடுத்து நடந்ததை என் கணவர் சொல்லித்தான் அறிவேன். அதிகாரி யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. படத்தை மட்டும் பார்த்தார். ஆள் இருந்த கட்டங்கள் இரண்டுதான். கீழே இருந்த கிராணிக் கட்டத்தின்மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஆறு மேசைக்காரர் குனிந்து வணங்கி, "சரி துவான்" என்றாராம்.

அவரை ஏற்றிய லாரி புறப்படும் முன் நான் போய்ச் சேர்ந்துவிட்டேன். அவித்த மரவள்ளிக்கிழங்கை இலையில் கட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர் மடித்த வேட்டி ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் அன்னைக்கே கேட்டேனே அண்ணே. புதுசா வந்தவர் அடியிலதானேன்னு."

"கேட்டீங்க." பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். "எழுதுறப்ப கை தவறிடுச்சு லா."

ஒரு தேதிக்காக மனுவைத் திருப்பியவர் அவர். கை தவறியதாம். அவர் என் மகனைப் பார்த்து, "வயிறு இப்ப பரவாயில்லையா?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். லாரி போய்விட்டது.

சண்டை முடிந்தது. சயாமிலிருந்து சிலர் திரும்பி வந்தார்கள், அவர் வரவில்லை. காணாமல் போனவர்களைத் தேட ஓர் அலுவலகம் திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போன மாதம் போனேன். தாள் ஒன்று கொடுத்தார்கள். முதலிலேயே 'பெயர்' என்று கேட்டிருந்தது. எனக்குத் தெரியாது. இரண்டு வாரம் கூடவே உட்கார்ந்திருந்த என் கணவருக்கும் தெரியாது. 'கிராணி, எரிபொருள் இலாகா' என்று எழுதினேன். ஊர் தெரியாது, வயது தெரியாது. தெரியாது தெரியாது என்றே எழுதிக்கொண்டு போனேன்.

கடைசியில், தேடுகிறவருக்கு அவர் என்ன உறவு என்று கேட்டிருந்தது. என் மகன் என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். பொய் எழுத எனக்கு எப்போதும் பயம். அந்த இடத்தில் மட்டும் கை தயங்கவில்லை. அண்ணன் என்று எழுதினேன்.