பதினெட்டுப் பேரும் ஒரு ராஜகுமாரனும்

“பதினெட்டுப் பேரா? அய்யய்யோ, செத்தேன் மாஸ்டர்!” என்று மரவாளைக் கீழே போட்டான் கந்தப்பன்.

தேயிலைத் தோட்டத்துத் திருவிழா நாடகத்தில் அவன்தான் ராஜகுமாரன். எதிரிகள் முதலில் நாலே பேர். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில், லயத்துக்கு ஒரு ஆளாவது மேடை ஏறாவிட்டால் ஒருத்தனும் பந்தல் வேலைக்கு வரமாட்டான் என்று தோட்டத் தலைவர் சொல்லிவிட, நாலு ஒன்பதாயிற்று. அந்த ஒன்பது பேரும் ஆளுக்கொரு மச்சானைக் கூட்டிவந்தார்கள். தீர்ந்தது கதை.

நாடகத்தை எழுதிய செபமாலை மாஸ்டருக்கு ஒரு கவலையும் இல்லை. கவலையெல்லாம் கந்தப்பனுக்குத்தான். பொகவந்தலாவையிலிருந்து செல்லசாமி, மகள் நாகலெட்சுமியோடு மாப்பிள்ளை பார்க்க வருகிறார். மனுஷன் சிலம்பக் கம்பு வாத்தியார். பொய்ச் சண்டை என்றால் பெண் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லியனுப்பிவிட்டார். நாகலெட்சுமியைத் தலவாக்கலை பஸ்ஸில் ஒரு தரம் பார்த்ததிலிருந்து கந்தப்பனுக்கோ சோறு இறங்கவில்லை.

“நெசமா ஒரு வீரன் எத்தன பேரச் சமாளிப்பான் மாஸ்டர்?”

“ரெண்டு பேரு. மூணாவது ஆளு முதுகுல போட்டுருவான்.”

“அப்ப ஒவ்வொருத்தனா வரச் சொல்லுங்க.”

ஒத்திகையில் ஒவ்வொருவனாக வந்தார்கள். மிச்சப் பதினேழு பேரும் பேக்கரி வாசலில் பாணுக்குக் கியூவில் நிற்பதுபோல் நின்றார்கள். ஒருவன் கொட்டாவி வேறு விட்டான்.

சரி, முதுகைத் திரைக்குக் கொடுத்து மொத்தமாகச் சமாளிக்கலாம் என்றால், கூட்டத்துக்கு முதுகு காட்டி நின்றவர்களின் லயத்தார் சண்டைக்கு வந்துவிட்டார்கள். “எங்க ஆளு மூஞ்சியே தெரியலையே!”

கடைசியில் மாஸ்டரே வழி சொன்னார். பள்ளிக்கூட பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு ஒரு பாலம். அதில் இரண்டிரண்டு பேராகத்தானே வரமுடியும்! கந்தப்பன் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

திருவிழா அன்று சாயங்காலம் செல்லசாமி முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். முதல் இரண்டு பேரையும் கந்தப்பன் சுத்தமாக வெட்டினான். செல்லசாமி தலையாட்டினார். அடுத்த இரண்டும் அப்படியே. கூட்டம் விசிலடித்ததுதான் தாமதம், மிச்சப் பேருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்து ஒருத்தனைத் தவிர எல்லாரும் ஒன்றாகப் பாலத்தில் ஏறினார்கள். பெஞ்சு மளுக்கென்று முறிந்தது. எதிரிகள், ராஜகுமாரன், எல்லாம் ஒரே குவியல்.

கந்தப்பன் மட்டும் தட்டுத்தடுமாறி எழுந்தான். கையில் வாளின் பிடி மட்டும்தான் இருந்தது. எதிரே, பாலத்தில் ஏறாமல் கடைசியில் நின்ற அஞ்சாம் லயத்து அழகன், முழு வாளோடு நின்றான்.

“அழகா, செத்துருடா,” என்று கிசுகிசுத்தான் கந்தப்பன்.

“வெட்டாம எப்புடிண்ணே சாவுறது?”

“வெட்ட வாளு இல்லடா! பொண்ணு வீட்டுக்காரங்க பாக்குறாங்கடா, பாவி!”

அழகன் ஒரு கணம் முழித்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, “ஆயுதமில்லாதவன அஞ்சாம் லயத்தான் வெட்டமாட்டான்!” என்று முழங்கினான். தன் வாளைக் கந்தப்பனிடம் நீட்டிவிட்டு, மண்டியிட்டுக் கழுத்தைக் கொடுத்தான்.

ஒரே வெட்டு. மேடை அதிர விழுந்தான் அழகன். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

நாடகம் முடிந்ததும் செல்லசாமி குடும்பத்தோடு நேராக மேடைக்குப் பின்னால் வந்தார்.

“ஒத்த ஆளா பதினெட்டுப் பேரையும் சாய்ச்சிட்டீங்களே தம்பி!”

கந்தப்பனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நாகலெட்சுமி வெட்கத்தோடு அத்தை காளியாயியின் காதில் ஏதோ சொன்னாள். காளியாயி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்:

“ஏந்தம்பி, வாளக் குடுத்துட்டுச் செத்தாரே ஒருத்தரு, அவருக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?”