தலைவர் மனசு தெரிந்தவர்

செத்துப் போனவர்களின் மனசு தெரிந்தவர்கள் என்று மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. அதிலும் நாட்டை உண்டாக்கிய தலைவரின் மனசு தெரிந்தவர்கள் உசத்தி ரகம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். நீங்கள் தேடிப் போக வேண்டாம், அவரே வருவார்.

தலைவர் கண்ணை மூடி முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. விடுதலை வாங்கிக் கொடுத்தவர், பெரிய அணையைக் கட்டியவர். கூடவே, எதிர்த்துப் பேசினவர்களை ஜெயிலில் தள்ளினவர், அந்த அணைக்காக நாற்பது ஊரைத் தண்ணீருக்குள் அனுப்பினவர். இதில் எந்தப் பாதி உண்மையான தலைவர் என்று நாடு இன்னும் முடிவு செய்தபாடில்லை. நம்முடைய கிளார்க் எப்போதோ முடிவு செய்துவிட்டார்.

பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். வேலையில் இருந்தவரை சாயங்காலம் மட்டும், இப்போது காலை ஒன்பது மணிக்கே மச்சினனின் தையல் கடைக்கு வந்து, துணி வெட்டும் மேஜையில் அடுத்தவர் சட்டைத் துணிமேல் பேப்பரை விரித்து, குழாயில் தண்ணீர் வராததிலிருந்து எதிர்வீட்டுப் பையன் முடி வளர்ப்பது, பஸ் நிற்காமல் போவது, சட்டைக்கு மூன்றாவது பொத்தான் இரண்டு விரல் இறங்கிப் போனது வரை எல்லாவற்றுக்கும், "தலைவர் இருந்திருந்தா இதெல்லாம் நடக்குமா?" என்று ஆரம்பிப்பார். நடக்காதுதான். தலைவர் வந்து பொத்தான் தைத்திருப்பார்.

அவர் தலைவரை நேரில் பார்த்திருக்கிறாரா என்கிறீர்களா? பேஷாகப் பார்த்திருக்கிறார். ஏழு வயதில், அப்பாவின் தோளில் உட்கார்ந்தபடி, தலைவர் போன காரின் பின்பக்கத்தை. அங்கிருந்து அவர் மனசுக்குள் எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தார் என்று மட்டும் கேட்காதீர்கள். கடையில் அவருக்கு 'வாரிசு' என்று பெயர், முதுகுக்குப் பின்னால்.

இந்த ரகத்தில் எதிர்க்கட்சியும் உண்டு. மச்சினன் தையல்காரர் அதில் சேர்ந்தவர். தலைவர் என்று சொல்ல மாட்டார், 'அந்த ஆளு' என்பார். ஊசியில் நூல் அறுந்தாலும் அந்த ஆளு போட்ட திட்டம்தான் காரணம். ஒருவர் அணையைப் புகழ, மற்றவர் முழுகின ஊர்களை எண்ண, முப்பது வருஷமாக இப்படித்தான். நடுவில் ஒருவர் ஊருக்குப் போய்விட்டால் மற்றவருக்கு டீ இறங்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை கிளார்க்கின் ஒரே மகள் கையில் உத்தரவோடு கடைக்கு வந்தாள். அதே பெரிய அணையில் இன்ஜினியர் வேலை. ஒரு பகல் முழுக்கப் பயணம். சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். காலையில் வீட்டில் கேட்டதற்கு, "கடைக்குப் போயிட்டு வந்து பேசலாம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார் அப்பா.

"போகட்டுமா வேணாமாப்பா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

கிளார்க் பேப்பரை மடித்தார். "தலைவர் இருந்திருந்தா, பொண்ணை அந்தக் காட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்க மாட்டாரும்மா. என்ன பெரிய அணை? கடைசிக் காலத்துல அவரே, ஏண்டா கட்டினோம்னு வருத்தப்பட்டிருப்பார்."

தையல்காரரின் கத்தரி பாதித் துணியில் நின்றது. அக்கா மகளின் கையை விட்டுப் போகிற வேலையைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. "என்ன மச்சான் பேசறீங்க? அவர் செஞ்சதுலயே உருப்படியான காரியம் அந்த அணைதானே!"

"நாப்பது ஊர் முழுகிப் போச்சே, மாப்ளே!"

"நாலு மாவட்டம் பச்சையாச்சே, மச்சான்!"

ஒருவர் வசனத்தை மற்றவர் தட்டுத் தடுமாறாமல் ஒப்பித்தார். முப்பது வருஷம் கேட்டது வீண் போகுமா? பேன்ட்டை மடித்துத் தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த தபால்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏங்க, இன்னிக்கு நீங்க கட்சி மாறிட்டீங்களா, இல்ல எனக்குத்தான் காது கேக்கலையா?"

மகள் சிரிக்கவில்லை. "தலைவர் நினைச்சது இருக்கட்டும்ப்பா. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"தலைவர் வந்து..."

"தலைவர் இல்லப்பா. நீங்க."

கிளார்க் மச்சினனைப் பார்த்தார். அவர் கீழே விழாத ஊசியைத் தேடிக் குனிந்துகொண்டார்.

"உங்கம்மா போய் நாலு வருஷமாச்சு" என்றார் கிளார்க், மேஜையைப் பார்த்தபடி. "நீ வருவேன்னுதான் சாயங்காலம் லைட்டைப் போடறேன். நீயும் போயிட்டா அந்த வீட்டுக்குள்ள நுழையவே எனக்குப் பயமா இருக்கும்மா."

இதில் அணை இல்லை, நாடு இல்லை. முப்பது வருஷத்தில் அந்தக் கடையில் அவர் தன் பேரில் சொன்ன முதல் வார்த்தை அது. தபால்காரர்கூட எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமேப்பா."

"நான் சொன்னா நீ நின்னுடுவே. தடுத்த பாவம் எனக்கு எதுக்குன்னு அவர் தலையில போட்டுட்டேன்." மூக்கை உறிஞ்சினார். "போன் பண்ணு. வர்றேன்னு சொல்லு."

"ராத்திரிச் சாப்பாடு இனிமே நம்ம வீட்டுலதான், மச்சான்" என்றது மேஜைக்குக் கீழேயிருந்து ஒரு குரல்.

அடுத்த திங்கட்கிழமை மகள் வேலையில் சேர்ந்தாள். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடையில் பேப்பர் விரிந்தது. "தலைவர் அப்பவே சொன்னார் மாப்ளே, பொண்ணுங்க வெளியூர் போய்ப் பெரிய வேலை பார்க்கணும்னு!"

"யாரு, அந்த ஆளா?" என்றார் தையல்காரர், நிம்மதியாக.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கு அரசியல் பிடிக்காது, தலைவர் படம்கூட வீட்டில் கிடையாது, தெரியும். ஆனால் உங்கள் தம்பி தனக்குப் பிடித்த பெண்ணைப் பற்றிச் சொன்ன அன்று, "அம்மா இருந்திருந்தா இதுக்குச் சம்மதிச்சிருக்கவே மாட்டா" என்று ஒரே போடாகப் போட்டீர்களே, அம்மாவா அப்படிச் சொன்னாள்? அவளிடம் போய்க் கேட்க முடியாது. அதனால்தானே அவளைச் சாட்சிக்குக் கூப்பிட்டீர்கள்?