அனுபவம் விற்கும் கடை எங்கே, மாப்பிள்ளை?

மதிப்பும் பதவியும் மிக்க மைத்துனர் மாப்பிள்ளை அவர்களுக்கு,

முதலில் உறுதிப்படுத்தப்பட்ட செய்தி: உங்கள் அக்காள் மகளுக்கு ஐந்தாவது ஆஸ்பத்திரியிலும் வேலை இல்லை. தகவல் தந்தவர் அந்த வார்டின் பொறுப்பு நர்ஸ். நேற்று மாலை அவர் அவளிடம் சொன்னதை, வாசல் பெஞ்சில் காத்திருந்த நானும் உள்ளே போய்க் கேட்டு உறுதி செய்துகொண்டேன். காலமெல்லாம் பத்திரிகையில் செய்தி சேகரித்தவன், ஒரு வாயை மட்டும் நம்பி எழுத மாட்டான். மற்றபடி, உங்கள் அக்காவின் முழங்கால் வலியும் உங்கள்மேல் எனக்குள்ள வருத்தமும் தவிர, இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்குக் குறைவிருக்காது என்று நினைக்கிறேன்.

அவள் படிப்பை முடித்து நர்ஸாகப் பதிவு பெற்று வந்த அன்று, எங்கள் வீட்டின் ஒரே நல்ல நாற்காலியில், மின்விசிறிக்கு நேர் கீழே அமர்ந்து நீங்கள் ஒரு வாக்கு அருளினீர்கள். "நர்ஸுக்குப் படிச்ச பொண்ணு வீட்ல உக்காந்து எங்கயாவது கேட்டிருக்கீங்களா அத்தான்? ஆஸ்பத்திரிக்காரன் வாசல்ல வரிசை கட்டி நிப்பான் பாருங்க!" பார்த்தேன். தண்ணீர் கேன் போடுபவர் நின்றார், கேபிள்காரர் நின்றார், சும்மா ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் நின்றார்கள். "பாப்பாவுக்கு ராசியான கை" என்று ஒருவர் விடாமல் பாராட்டிவிட்டுப் போனார்கள். ராசியை எந்த ஆஸ்பத்திரியும் அனுபவமாக எடுத்துக்கொள்வதில்லை, மாப்பிள்ளை.

முதல் ஆஸ்பத்திரியின் மேனேஜர் கண்ணாடி அறைக்குள், தன் பல்லைவிட வெள்ளையான சட்டையில் இருந்தார். என்னையும் உள்ளே உட்காரவிட்டார், தவறு அவருடையது. "எத்தனை வருஷ அனுபவம்மா?" என்றார். "இப்பதான் சார் முடிச்சேன்." "அனுபவம் இல்லாதவங்கள நாங்க எடுக்கறதில்ல. எங்கயாவது ரெண்டு வருஷம் பாத்துட்டு வாங்க." "எங்க சார்?" "எங்கயாவது." பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதையைச் சட்டை இஸ்திரி கலையாமல் சொல்ல ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அந்த 'எங்கயாவது' எந்தத் தெருவில், எந்தக் கடையில் அனுபவத்தை எடை போட்டுத் தருகிறார்கள் என்று கேட்டேன். "பெரியவரே, நீங்க வெளிய இருங்க" என்றார். இருந்தேன். அன்றிலிருந்து எல்லா ஆஸ்பத்திரியிலும் வெளியேதான் இருக்கிறேன்.

இரண்டாவது இடத்தில்தான் அந்தப் புது வித்தை தொடங்கியது. "ஒரு நாள் வந்து வேலை பாரும்மா, கை எப்படின்னு பாக்கறோம்" என்றார்கள். போனாள். காய்ச்சல் பார்த்து எழுதினாள், ட்ரிப்ஸ் பாட்டில் மாற்றினாள், எழ முடியாதவரைப் பக்கவாட்டில் புரட்டியபடியே படுக்கை விரிப்பை மாற்றினாள், வாந்தி எடுத்தவரைக் கழுவித் துடைத்தாள். மாலையில், "நல்லாத்தான் பண்றே, ஆனா அனுபவம் பத்தல" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது இடத்திலும் அதே வேலை, அதே வாசகம். நான்காவது இடத்தில் காலை அவளுக்கு வார்டைச் சுற்றிக் காட்டிய பெண்ணும் ஒரு நாள் பார்க்க வந்தவள்தான். மதியம் இன்னொருத்தி வந்தாள். அவளுக்கு வார்டைச் சுற்றிக் காட்டியவள் என் மகள். எனக்கு மூக்கில் வேர்த்தது. லிஃப்ட்காரரைத் தனியாகப் பிடித்து விசாரித்தேன். "இந்த மாடில பர்மனென்ட்டு நானும் லிஃப்டும்தான் சார். அதுலயும் லிஃப்ட் அப்பப்ப லீவு போட்டுரும்" என்றார். தினம் ஒருத்தியைப் பரீட்சித்தே வார்டை ஓட்டுகிறார்கள், மாப்பிள்ளை! பெண் பார்க்கப் போன வீட்டிலெல்லாம் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று நழுவுகிற மாப்பிள்ளை வீட்டார்கூட, எழுந்து போகும்போது கொஞ்சம் வெட்கப்படுவார்கள்.

இதற்கிடையில் நம் தெருமுனை செல்போன் கடைக்காரர் அவளைக் கூப்பிட்டார். அனுபவம் வேண்டாம், நாங்களே சொல்லித்தருகிறோம் என்றார். போனுக்கு உறை மாட்ட மூன்று வாரம் பயிற்சி தர ஆள் இருக்கிறது. மனிதனுக்கு ஊசி போட வருகிறவளுக்குப் பக்கத்தில் நின்று பழக்கிவிட ஒருவருக்கும் மனம் இல்லை. "போகட்டுமாப்பா?" என்று கேட்டாள். கேட்டபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. படித்ததெல்லாம் கை மறந்துபோகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஐந்தாவது இடத்தையும் பார்த்துவிடலாம் என்றேன்.

அங்கேயும் நேற்று பகல் முழுக்க வேலை வாங்கிவிட்டு, மாலையில் நடந்தது இதுதான். "அனுபவம் இல்லையேம்மா, எடுக்க முடியாது" என்று பொறுப்பு நர்ஸ் சொன்னார். இவள் பையை எடுத்தாள். "நாளைக்கும் ஒரு நாள் வந்துட்டுப் போ" என்றார். "நாளைக்கு மட்டும் எனக்கு அனுபவம் வந்துடுமா சிஸ்டர்?" "அது வராது. நாளைக்கு ஆள் வரல." இந்த ஒரு பதிலுக்காக அவரை மதிக்கிறேன். ஐந்து ஆஸ்பத்திரியில் உண்மை பேசிய ஒரே வாய் அது.

ஆகவே என் முடிவைத் தெரிவிக்கிறேன். இந்த வீட்டிலிருந்து இனி எந்தப் பெண்ணும் எந்த வார்டிலும் ஓசியில் ஒரு நாள் நிற்க மாட்டாள். திங்கட்கிழமை செல்போன் கடையில் சேருகிறாள். உங்களிடம் சிபாரிசுக்கு வருவேன் என்று பயப்பட வேண்டாம். உங்கள் வாக்கை ஒருமுறை கேட்டதே இந்த ஜென்மத்துக்குப் போதும்.

தங்கைக்கு என் விசாரிப்பு. குழந்தைகள் நன்றாகப் படிக்க ஆசி. எதைப் படிக்கலாம் என்று மட்டும் உங்களிடம் கேட்காமல் இருக்கவும் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் அந்தப் பொறுப்பு நர்ஸிடமிருந்து போன். பக்கத்தில் நின்று கேட்டேன், ஆதாரம் நானே. "நேத்து நீ பாத்துக்கிட்டியே, அந்த மூலைக் கட்டில் ரிட்டயர்டு டீச்சரம்மா வேற யாரையும் தொட விடமாட்டேங்குது. கிட்டப் போனா கரண்டியால அடிக்குது. உன்னத்தான் கேக்குது, வர்றியா?" "ஒரு நாளைக்குன்னா வரமாட்டேன் சிஸ்டர். வேலைன்னா வர்றேன்." மேனேஜரைக் கேட்டுச் சொல்வதாகப் போனை வைத்தார். இவள் சீருடையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டாள். "இன்னும் அவங்க ஒண்ணும் சொல்லலியேம்மா" என்றேன். "புரட்டிப் படுக்க வைக்கலன்னா அந்தம்மாவுக்கு முதுகெல்லாம் புண்ணாயிடும்பா." மறுபடி போன் வந்தது. எடுத்துக்கொள்கிறார்களாம், சம்பளத்தோடு, ஆனால் பொறுப்பான ஒருவரிடம் விசாரித்த பிறகு. அவள் உங்கள் பெயரையும் நம்பரையும் கொடுத்துவிட்டாள்.

எனவே மேலே கண்டவை அனைத்தும் அச்சுப்பிழை. அந்த நாற்காலி என்றும் உங்களுக்கே. மேனேஜர் நாளை காலை கூப்பிடுவார், அதனால் இதைத் தபாலில் போடாமல் இன்றே ஆள் மூலம் கொடுத்தனுப்புகிறேன். அனுபவம் உண்டா என்று கேட்டால், நான்கு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் என்று சொல்லுங்கள், மாப்பிள்ளை. அதில் ஓர் எழுத்துப் பொய் இல்லை. செல்போன் கடைக்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. வேலை ஆர்டர் சனிக்கிழமை பகலுக்குள் கைக்கு வரும் என்கிறது ஆஸ்பத்திரி. அது இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.